கொழுத்த குட்டிகளே முதலில் செத்தன

பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது நடந்தது இது. ஐம்பதுகளின் கடைசி. மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். நாச்சம்மாள் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர், இருபத்தாறு ஆடுகளை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. குட்டிக்கு வயிறு உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை உதைத்தது. டாக்டர் கேம்ப் போயிருந்தார். வயிற்று உப்புசம் என்று நானே முடிவு செய்து, கடலை எண்ணெயில் டர்பன்டைன் கலந்து புகட்டி அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குட்டி வழியிலேயே செத்துவிட்டது.

மறுநாள் காலை அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். பட்டியில் இன்னும் மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தனவாம். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன்தான் விஷம் வைத்தார் என்றார்.

"வரப்புத் தகராறுல ரெண்டு வருசமாப் பேச்சில்லீங்க. நாலு நாளைக்கு முன்னால தானா வந்து, எங்காட்டுல மேச்சுக்குங்கன்னாரு. எதுக்குன்னு இப்பத்தானுங்க தெரியுது."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஆட்டைப் பார்த்துவிடுகிறேன், அதன் பிறகு போங்கள் என்று கெஞ்சிக் கேட்டு, சைக்கிளை எடுத்தேன்.

பட்டியைச் சுற்றி ஊரே நின்றது. மாரப்பனும் சற்றுத் தள்ளி நின்றார். முந்தின நாள் கேட்காததை எல்லாம் அப்போது கேட்டேன். செத்த நான்கும் பட்டியிலேயே கொழுத்த குட்டிகள். இளைத்ததற்கும் கிழட்டு ஆட்டுக்கும் ஒன்றுமில்லை. நான்கு நாளாக மாரப்பன் காட்டில், கம்பு அறுத்த தாளில் மழைக்குத் துளிர்த்த இளந்தளிரை வயிறு முட்ட மேய்ந்திருந்தன. தடுப்பூசி போட்டதே இல்லை.

எல்லோர் முன்னிலையிலும் ஒரு குட்டியை அறுத்தேன். வயிறு நிறைய இளம் பச்சை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. செத்துச் சில மணி நேரமே ஆகியிருந்தும் சிறுநீரகம் விரல் பட்டதும் கூழாகக் கரைந்தது.

"விசம் யாரும் வெக்கலீங்கக்கா. இது துள்ளுமாரி" என்றேன்.

அந்த நோயின் கிருமி ஆட்டின் குடலிலேயே சும்மா கிடப்பது. காய்ந்ததைத் தின்ற ஆடு திடீரென்று இளம்பச்சையை அளவில்லாமல் தின்றால் கிருமி பெருகி, உள்ளேயே நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்கிற குட்டிதான் முதலில் விழும் என்று விளக்கினேன். பரிசோதனைக்காகக் குடலில் ஒரு துண்டை இரு முனையும் கட்டி, வெட்டி எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் டாக்டர் திரும்பி வந்து, அதை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

பட்டியில் நான் விளக்கி முடித்த பிறகுதான் மாரப்பன் வாய் திறந்தார். "எத்தன நாளைக்குத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டே இருக்கிறதுன்னு கூப்புட்டனுங்க. இப்படி ஆகும்னு தெரியாமச் செஞ்சுபோட்டேன்."

நாச்சம்மாளிடம் பச்சை மேய்ச்சலை உடனே நிறுத்தி, காய்ந்த தீவனம் கொடுக்கச் சொன்னேன். அவரிடம் காய்ந்த சோளத்தட்டு இல்லை. மாரப்பன் தன் தட்டுப்போரிலிருந்து ஒரு கட்டைத் தலையில் சுமந்து வந்து வெளியே நின்றார். நாச்சம்மாள் பட்டிப் படலைத் திறந்து வழி விட்டார்.

இன்னும் ஒரு குட்டி செத்தது. அதோடு நின்றது. இரண்டு நாள் கழித்து டாக்டர் எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி போட்டார். ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும், அதுவரை பச்சையைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும் என்றும் சொன்னார். மறு வருடம் மழைக்கு முன்பே நாச்சம்மாளும் மாரப்பனும் இரண்டு பட்டி ஆடுகளையும் ஒன்றாக ஓட்டிக்கொண்டு ஊசிக்கு வந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி ஆட்டைத் தொடுமுன் பட்டியைப் பற்றிக் கேளுங்கள். விழுந்தது கொழுத்ததா, இளைத்ததா? இந்த வாரம் தீவனம் மாறியதா? சந்தையிலிருந்து புது ஆடு வந்ததா? கேட்க ஐந்து நிமிஷம் ஆகாது. முதல் நாளே நான் கேட்டிருந்தால் நாச்சம்மாள் பட்டியில் மற்றக் குட்டிகளையாவது காப்பாற்றியிருப்பேன்.