நூலக அறைக்கு ஒரு பெயர்

பல்கலைக்கழகத்தில் நான் படித்த கட்டடத்துக்குப் பழைய வணிகர் ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். அவருடைய கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டு ஏற்றிப்போய் விற்றவை என்று தெரிந்ததும், அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி மாணவர்கள் கையெழுத்துச் சேர்த்தோம். நான் முன்வரிசையில் நின்றேன். இருநூறு ஆண்டுப் பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்ட பேராசிரியரோடு வாய்ச்சண்டைக்கே போனேன். நோர்வே நாட்டுத் தோழிகள் அசந்துபோனார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் தமிழ்ப் பள்ளிக் கூட்டம். அங்கே நான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தேன். அம்மா தேநீருக்குப் பொறுப்பு. எங்களுக்குப் புதிதாக ஒரு நூலக அறை கிடைத்திருந்தது. அதற்கு யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளி ஒன்றை நிறுவிய ஒருவரின் பெயரை வைக்கலாம் என்றார் பள்ளித் தலைவர்.

அந்தப் பள்ளியில்தான் அம்மா படித்தவர். வாங்குப் பலகையில் இருந்தல்ல, தரையில் இருந்து. எங்கள் சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கக்கூடாது என்பது அந்தப் பெரியவர் வைத்துவிட்டுப் போன ஒழுங்கு. பாவாடை அழுக்காகும் என்று அம்மா வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டு கொண்டுபோவாராம்.

ஒஸ்லோவில் இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். எங்கள் ஆட்கள் சாதியை நேரே கேட்கமாட்டார்கள். "ஊரிலை எவடம்?" என்பார்கள். தெருவின், ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பதினைந்து வருடமாக அம்மா வேறோர் ஊரின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஒரு வார்த்தை எதிர்த்தால், இந்தப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசிப்பார்கள். அடுத்ததாக அந்தக் கேள்வி வரும். பிறகு அம்மாவின் தேநீரை எத்தனை பேர் குடிப்பார்கள்?

சம்மதமென்றால் கையை உயர்த்துங்கள் என்றார் தலைவர். சுவரோரம் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அவர் தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அம்மாவைக் காப்பாற்றத்தான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலில் அம்மா மடியில் வெறும் தேநீர்க் குடுவையைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியரிடம் நீண்ட என் நாக்கை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீ எழும்பிக் கதைச்சிடுவியோ எண்டு எனக்கு நெஞ்சு பதறிக்கொண்டே இருந்தது," என்றார் கடைசியில்.

நான்தான் கதைக்கவில்லையே, பிறகென்ன என்றேன்.

"ஓம். கதைச்சிருந்தா நானும் உன்ரை பக்கம் நிண்டு கையை இறக்கியிருப்பன்."