பூசையன்று போதுமானதாக இருந்த அடுப்பு

போன வாரத்து மழையில் உங்கள் வீட்டில் துணி காய்ந்ததா? என் வீட்டில் காயவில்லை. ஆனால் கோலசிலாங்கூரில் என் நண்பர் மணியத்துக்குக் காயாமல் போனது துணியல்ல... பிழைப்பு!

மணியம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இந்த வருடம் வேலையை விட்டார். தோட்டத்து வீட்டையும் காலி செய்தார். தென்னைக்கு ஊடே கொக்கோ போட்டிருந்த ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். முதல் அறுவடை தேறினால்தான் குடும்பம் நிற்கும்.

கொக்கோ விதையைப் புளிக்க வைத்துக் காயப்போட வேண்டும். காயாவிட்டால் பூசணம். பூசணம் பிடித்ததை யார் வாங்குவார்? அதற்காக பிளாஸ்டிக் கூரையும் பிளாஸ்டிக் சுவருமாக நீளமாக ஒரு வீடு கட்டினார். வெயில் நாளில் கவலையில்லை. மழை நாளுக்கு, தகரப் பீப்பாயில் விறகடுப்பு. அதன் புகைக்குழாய் வீட்டின் நீளத்துக்கும் ஓடி வெளியே போகும். அந்தக் குழாயின் சூட்டில் விதை காயும்.

எத்தனை அடுப்பு? இந்தக் கோடிக்கு ஒன்று, அந்தக் கோடிக்கு ஒன்று என்றுதான் முதலில் திட்டம்.

ஓர் அடுப்பு முடிந்ததும் பூசை வைத்தார். நம் ஆட்கள் பூசை வைக்காமல் எதைத் தொடங்கியிருக்கிறோம்? ஐயர், ஓமம், உச்சி வெயில், உள்ளே முப்பது பேர். அடுப்பையும் மூட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

“யப்பா, வேகுது! ஒரு அடுப்பே ஜாஸ்திலா மச்சான்” என்றார் மணியத்தின் மைத்துனர். கூட்டமே தலையாட்டியது. இரண்டாவது பீப்பாய் தண்ணீர் பிடிக்கக் கொல்லைக்குப் போனது.

பிறகு வந்தது மழை. மணியம் மளிகைக்கடையிலிருந்து போன் செய்தார். குரலே சரியில்லை. போனேன்.

அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் பிளாஸ்டிக்கின் உள்பக்கமெல்லாம் தண்ணீர் முத்துமுத்தாக வழிந்தது. அடுப்போரம் கதகதப்பு, மறுகோடியில் விதை ஜில்லென்று, லேசாக வெள்ளை பூத்து... மணியம் விறகைத் திணித்துக்கொண்டே இருந்தார்.

“அன்னைக்கு அவ்ளோ சூடு இருந்துச்சேண்ணே... எங்க போச்சு?”

அவர் மனைவி சரோஜா விதையைக் கிளறியபடியே சொன்னார்: “வெயிலு போயிருச்சு. ஓமம் அணைஞ்சிருச்சு. முப்பது பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறதுதான் நம்ம அடுப்பு.”

அடுப்பைப் பெரிதாக்க முடியாது. வீட்டைச் சின்னதாக்கலாமே? லோரிக்குப் போடும் தார்ப்பாயை நடுவில் குறுக்காகக் கட்டினோம். தேறும் விதையை அடுப்புப் பக்கம் அள்ளினோம். நீராவி வெளியேறக் கூரையோரம் கொஞ்சம் திறந்துவிட்டோம். பாதி பிழைத்தது. மீதியைத் தென்னைக்கு அடியில் கொட்டிவிட்டு மணியம் கைகழுவியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நாமும் இப்படித்தானே கணக்குப் போடுகிறோம்? கல்யாண மண்டபம் நிறைந்திருந்தால் சொந்தபந்தத்துக்குக் குறைவில்லை என்கிறோம். கடை திறந்த அன்று கூட்டம் வந்தால் வியாபாரம் நிலைத்துவிட்டது என்கிறோம். மாலை கழுத்தில் இருக்கும்போது பலத்தை அளந்தால் எல்லாம் போதும் என்றுதான் தோன்றும். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை மழை நாளிடம் அல்லவா கேட்க வேண்டும்?

நான் கிளம்பும்போது மணியம், இரண்டாவது அடுப்புக்காக, கொல்லைப் பீப்பாயிலிருந்த மழைத்தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கும் ஒரு பூசை வச்சிரணும்ணே” என்றார்.

“வைங்க” என்றார் சரோஜா. “மழ பேயுற அன்னைக்கு வைங்க. வர்றவங்க வரட்டும்.”

நான் குடை வாங்கி வைத்துவிட்டேன்!