ராமாயி அக்காவின் அரை டிக்கெட்

கடந்த சனிக்கிழமை கிளிநொச்சியில், ஒரு சர்க்கஸ் கூடாரத்தின் வாசலில் நின்று, "ஐயோ, கிழிக்காதையுங்கோ!" என்று கத்திவிட்டேன்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ என் சட்டையைப் பிடித்துவிட்டான் என்று நினைத்து, இரண்டு இளைஞர்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உதவிக்கு வந்தார்கள். சட்டைக்கு ஒன்றுமில்லை. கிழிபட்டது ஒரு காகிதம். அதுவும் என்னுடைய காகிதம் இல்லை.

பிறகு எதற்கு அந்தக் கத்தல்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்கு என் வருத்தம், அதாவது என் வியாதி, தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் – நான் பழைய காட்சி நோட்டீஸ் சேர்க்கிறவன். சர்க்கஸ், கானிவல், மரணக் கிணறு, மாயாஜாலம்... எது எந்த ஊருக்கு வந்து நோட்டீஸ் வீசிவிட்டுப் போயிருந்தாலும் எனக்கு வேண்டும். எவ்வளவு பழசோ அவ்வளவு விசேஷம்.

முத்திரை சேர்ப்பவனை உலகம் மதிக்கிறது. பழைய நாணயம் சேர்ப்பவனுக்கும் ஒரு மரியாதை உண்டு. நோட்டீஸ் சேர்ப்பவனுக்கு? மாங்குளம் சந்தியில் ஒரு கடைக்காரர் நேரே கேட்டுவிட்டார்: "என்ன மாஸ்டர், கடலை சுத்தி விக்கிற யோசனையோ?"

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஆல்பத்தில் அடங்காத பெரிய நோட்டீஸ்களை மெத்தைக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறேன், சுருங்காமல் கிடக்குமே என்று. "ஊரில மற்றப் பெண்டுகள் எல்லாம் மெத்தையில படுக்கினம். நான் மட்டும் கரடி, குரங்குக்கு மேல படுக்கிறன்" என்கிறாள் மனைவி.

ஆனால் அந்த நோட்டீஸ்களின் தமிழை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் சாதாரண மனிதர் ஒருவரும் கிடையாது. கம்பியில் நடப்பவள் 'ஆகாய அரசி'. சைக்கிள் ஓடுகிறவன் 'சக்கர வேந்தன்'. நாய்க்குக்கூடப் பட்டம் உண்டு. 'இன்றே கடைசி' என்று போட்டுவிட்டு மூன்று கிழமை நிற்பார்கள். எல்லாம் பொய்தான். ஆனால் ஒருவருக்கும் கெடுதல் செய்யாத பொய். அப்படிப்பட்ட பொய் உலகத்தில் எத்தனை கிடைக்கிறது?

சரி, கதைக்கு வருகிறேன்.

ஸ்கந்தபுரத்தில் வயல் செய்யும் சின்னத்தம்பி அண்ணை என் பழைய சிநேகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீர் பாயும் காணி எடுத்துக் குடியேறியவர். ட்ரக்டருக்கு ஏதோ சாமான் வாங்க மாங்குளம் வந்தவர், என் வீட்டுப் படலையில் நின்றபடியே செய்தி சொன்னார்.

"மாஸ்டர், எங்கட வயலில வேலை செய்யிற ராமாயியிட்ட ஒரு சர்க்கஸ் நோட்டீஸ் கிடக்காம். பெரிசு. கலர்."

கலர்! அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

ராமாயி அக்கா மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு இறங்கி வந்து, இப்போது மற்றவர்களின் வயலில் களை பிடுங்கி, நெல் முற்றினால் அருவி வெட்டி, வீட்டோடு ஒரு துண்டு நிலத்தில் மிளகாயும் போட்டிருக்கிறார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மலையிலிருந்து தூக்கி வந்த றங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார்.

சிவப்பு, மஞ்சள், நீலம். ஒரு யானை ஸ்டூலில் ஏறி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் கொட்டை எழுத்தில்: 'இந்த நோட்டீசை வாசலில் கொடுக்கும் பெண்களுக்கு அரைக் கட்டணம்.' கறையான் தொடவில்லை. ஓட்டை இல்லை. இப்படி ஒன்றை நான் கையில் பிடித்ததே இல்லை.

"அக்கா, இதை எனக்குத் தருவீங்களோ? பதிலுக்கு என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

"குடுக்கலாங்க சார். ஆனா நான் இன்னும் போகலையே."

"எங்க?"

"சர்க்கஸுக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். சம்பள நாளன்று டவுனில் கொடுத்த நோட்டீஸ் ஆளுக்கொன்றாக வீட்டுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. அதற்குள் கைக்குழந்தையாக இருந்த மூத்த மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து யாரும் கூட்டத்துக்குப் போகக்கூடாது, கேளிக்கையும் கூடாது. தோட்டக் குடியிருப்பான லயத்தில் மற்ற எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போக, இவர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நான் போகல சார். இவரு மட்டும் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, நைசா சர்க்கஸ் பாத்துட்டு வந்துட்டாரு!"

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை. இந்த வழக்கு அந்த வீட்டில் இன்னும் தீரவில்லை என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"வந்து சும்மா இருந்தாரா? யானை ஸ்டூல்ல உக்காந்துச்சு, சலாம் போட்டுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

"அக்கா, இஞ்ச வன்னியில இல்லாத யானையோ?" என்றேன் நான்.

"இங்க வர்ற யானை நாம சொன்னா கேக்குதா சார்? தகரத்தத் தட்டி, யானை வெடி போட்டு, தொண்டத்தண்ணி வத்தக் கத்துறோம். அது பாட்டுக்கு மேஞ்சுட்டுப் போகுது. சொன்னபடி கேக்குற யானைய ஒரு வாட்டி பாக்கணும். பாத்துட்டேன்னா, இந்த நோட்டீஸ் எனக்கு எதுக்கு? நீங்களே எடுத்துக்குங்க."

ஒப்பந்தம் முடிந்தது. ஒரு சர்க்கஸ் வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

அன்றிலிருந்து வன்னியில் என்னைப் போல சர்க்கஸுக்காகக் காத்திருந்தவன் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சின்னப் பிள்ளைகள்கூட இல்லை. ஒரு போகம் முடிந்து, அடுத்த போகமும் முடிந்தது. கடைசியில், போன கிழமை, ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று மாங்குளம் சந்தியால் போனது. கிளிநொச்சியில் சர்க்கஸ்! நோட்டீஸ் பொறுக்க ஓடினேன். அதில் ஒரு யானை. ஸ்டூலில் ஏறி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு...

அதே யானை.

சந்தோஷத்தோடு கூடவே ஒரு பயமும் வந்தது. ஏனென்றால் அந்த யானையை எனக்கு நன்றாகத் தெரியும். அது சர்க்கஸ்காரரின் யானை அல்ல, அச்சகத்தின் யானை. படத்துக்கான அச்சு அச்சகத்தில் கிடக்கும், கேட்பவருக்கெல்லாம் போட்டுக் கொடுப்பார்கள். என் ஆல்பத்தில் நாலைந்து கம்பனிகளின் நோட்டீசில் அதே யானை நிற்கிறது. ஒரு மந்திரவாதியின் நோட்டீசிலும் நிற்கிறது. அந்த ஆளிடம் இருந்தது ஒரு முயல் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை ஸ்கந்தபுரத்துக்குப் போய், பகல் காட்சிக்காக நானும் ராமாயி அக்காவும் சின்னத்தம்பி அண்ணையின் ட்ரக்டர் பெட்டியில் ஏறினோம். ஓட்டியவன் ராமாயி அக்காவின் மூத்த மகன் – அன்றைக்கு அம்மை போட்டிருந்த அதே பிள்ளை. கணவர் வரவில்லை. "நான்தான் பாத்துட்டேனே" என்று சொல்லிவிட்டாராம். எவ்வளவு துணிச்சல்!

பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டே நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, இது வேற கம்பனி. உங்கட நோட்டீஸ் இஞ்ச செல்லாது. நான் டிக்கெட் எடுக்கிறன், நீங்கள் அதை வெளியில எடுக்காதையுங்கோ."

அவர் தன் நோட்டீசையும் நான் கொண்டுபோன புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். "அதே யானைதானே சார்."

"எத்தினை வருஷம் போச்சுது, அக்கா!"

"யானைக்கு ஆயுசு கெட்டிங்க."



வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெடியன் அந்த நோட்டீசை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தான். "இது எங்கட இல்லையே, அம்மா. நாங்கள் நோட்டீசுக்கு அரை டிக்கெட் குடுக்கிறேல்ல. இது செல்லாது."

ராமாயி அக்காவின் முகம் மாறியது. பின்னால் நின்றவர்கள் "சுறுக்கா விடுங்கோ" என்று சத்தம் போட்டார்கள். பிரஜாவுரிமை கேட்டு எத்தனையோ வாசல்களில் காகிதத்தை நீட்டி, 'இது செல்லாது' என்று கேட்டுக் கேட்டு வந்த மலையகச் சனம். சந்தோஷமாக இருக்க வந்த இடத்திலுமா அதைக் கேட்க வேண்டும்? முழு டிக்கெட்டுக்குக் காசை எடுக்க சட்டைப்பைக்குள் கையை விட்டேன். "வேணாம் சார்" என்று அவர் தடுத்துவிட்டார். அவருக்கு வேண்டியது இலவசமும் இல்லை, இரக்கமும் இல்லை. எழுதியிருந்தபடி அரை டிக்கெட்.

சத்தம் கேட்டு மனேஜர் வந்தார். நரைத்த மீசை, கழுத்தில் ஒரு துவாய். நோட்டீசை வாங்கி ஆறுதலாக, ஒரு வரி விடாமல் வாசித்தார். "எங்கயிருந்து அம்மா இது?" என்று கேட்டார். அம்மை போட்ட கதையை ராமாயி அக்கா இரண்டு வரியில் சொன்னார். மனேஜர் பெடியனைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் கம்பனி குடுத்தா என்னடா? சர்க்கஸ்காரன் குடுத்தது. கொண்டு வரச்சொல்லி எழுதியிருக்கு, அவா கொண்டு வந்திருக்கிறா. நாங்கள்தான் பிந்தி வந்திருக்கிறம். அரை டிக்கெட் ஒண்டு குடு."

அந்த மனிதரின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு. முன்னால் ஓர் அடி எடுத்தும் வைத்தேன்... அதற்குள் அவர் நோட்டீசை இரண்டாகக் கிழித்தார்!

அந்தக் காலத்தில் நோட்டீசை வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விட்டால் உடனே கிழித்துப் போடுவது வழக்கமாம். இல்லாவிட்டால் அது வேலிக்கு மேலால் அடுத்த ஆளிடம் போய்விடும். கை பழகிய வேலை, கை செய்துவிட்டது. நான் கத்தியது அப்போதுதான். கத்தி முடிக்க முன்னரே இரண்டு நாலாகி, டிக்கெட் அடிக்கட்டைகள் போடும் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

ராமாயி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கிழிச்சாத்தானே சார் செல்லும்?"

சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே எனக்குக் காட்சியில் மனம் ஒட்டவில்லை. நோட்டீஸ் போனது ஒரு கவலை. யானை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கவலை. சைக்கிள்காரர் வந்தார், கம்பிக்காரி வந்தாள், நாய்கள் வளையத்துக்குள்ளால் பாய்ந்தன. ராமாயி அக்கா எல்லாவற்றுக்கும் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுத் திரைச்சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகத் திரை விலகியது. யானை!

நோட்டீசில் இருந்ததில் பாதிதான் இருக்கும். மெலிந்த, வயது போன யானை. பாகன் ஸ்டூலைக் காட்டினான். யானை பேசாமல் நின்றது. மறுபடியும் காட்டினான். அது திரும்பி நின்று, தரையில் கிடந்த வைக்கோலைப் பொறுக்க ஆரம்பித்தது. சனம் கூச்சல் போட்டது.

ராமாயி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இது நம்ம பக்கத்து யானைதான் சார்!"

பாகன் கிட்டப் போய்க் காதில் ஏதோ சொன்னான். யானை யோசித்தது. பிறகு மெல்ல ஏறி, ஸ்டூலில் நின்று, காலைத் தூக்கித் தும்பிக்கையால் ஒரு சலாம் போட்டது. ராமாயி அக்கா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "இருங்கோ, இருங்கோ" என்று கத்தினார்கள். அவர் இருக்கவில்லை. கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை. எனக்கும்தான் என்று சொல்லிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்?

காட்சி முடிந்து வாசலுக்கு ஓடினேன். துண்டுகளையாவது பொறுக்கி ஒட்டலாம் அல்லவா? பெட்டி காலி. அடிக்கட்டைகளோடு சேர்த்துத் தேத்தண்ணி அடுப்புக்குள் போட்டுவிட்டார்களாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை, ட்ரக்டரடியில் நின்று ராமாயி அக்கா கூப்பிட்டார்.

"விடுங்க சார். அதுல இனிமே என்ன இருக்கு? நான்தான் பாத்துட்டேனே!"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காட்சிக்குப் போனவர்கள் எல்லோரும் நோட்டீசை வாசலில் கொடுத்துவிட்டார்கள், அல்லது தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அப்படியானால் என்னிடம் இருப்பவை யாருடையவை? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்ற தாய். பஸ்ஸைத் தவறவிட்டவன். அப்பா விடாத மகள். போக முடியாமல் போனவர்கள்தான் மடிப்புக் கலையாமல், கறையான் தொடாமல், சேலைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை என்று நினைத்து வைத்தவற்றைத்தான் நான் கேட்டதும் எடுத்துத் தந்திருக்கிறார்கள். முகம் தெரிந்தும் தெரியாமலும் எனக்குத் தந்த அத்தனை பேருக்கும், இந்தப் பக்கத்தில் நின்று கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

பிந்தி வந்ததை ஒப்புக்கொண்டு வாக்கைக் காப்பாற்றிய அந்த மனேஜருக்கும் நன்றி. கிழித்ததற்கும் சேர்த்துத்தான்.

ராமாயி அக்காவுக்காக ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன் – இத்தனை நோட்டீசுக்குள்ளும் பார்த்து முடித்த காட்சி அது ஒன்றுதான்.