ஏழு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

ஜெயசீலி மேடம் இறந்துவிட்டார். இன்று காலை, வளவனூரில், வீட்டிலேயே... மாரடைப்பு.

திண்டிவனம் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் அவர்தான் சிஸ்டம் அட்மின். லேப், நெட்வொர்க், சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். நான் காமர்ஸ் வாத்தியார்.

கல்லூரி வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து பூவும் மெழுகுவர்த்தியும்தான். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று முதலில் போட்டவர் எங்கள் துறைத் தலைவர்.

அவரா? அவரேதான்!

மேடத்தை முதலில் பார்த்தது நான் வேலைக்குச் சேர்ந்த அன்று. பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார். மகள் பெயரை டைப் செய்தேன்.

"ஐய... பொண்ணு பேரெல்லாம் வேணாம் சார். பெருமுக்கல் மலை ஏறும்போது மூச்சு வாங்கிச்சுன்னு நீட்டா ஒரு வரி வையுங்க. ஒருத்தனும் கண்டுபுடிக்க மாட்டான்."

லேபுக்குள் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது என்பார். அவருக்கும் அதே சட்டம்தான். அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வெளியே வெயிலில் நின்று தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்.

பிறகு அந்த நான்கு பக்கம்...

யாரும் கேட்காமல் அவரே எழுதினார். கல்லூரிக் கம்ப்யூட்டர்களை யார், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற விதிகள். ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவருக்குத் தரக் கூடாது. தேர்வுப் பிரிவுக்குள் பென்டிரைவ் கூடாது. எல்லாம் எளிய தமிழில்.

அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கினார், கையெழுத்துக்காக. எங்கள் துறைத் தலைவர் படிக்கக்கூட இல்லை.

"ஏம்மா, நாங்க இன்னா திருடனுங்களா? போயி வேற வேல இருந்தா பாரு."

பிரின்ஸ்பால் வாங்கி ஃபைலில் வைத்தார். அவ்வளவுதான்.

அடுத்த செமஸ்டரில் எங்கள் துறையில் ஒன்பது மாணவர்களின் இன்டர்னல் மார்க் மாறியிருந்தது. துறைத் தலைவர் பெயரில் நுழைந்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

விசாரணை வைத்தார்கள். பிரின்ஸ்பால் அறையில். மேடத்தை நிற்க வைத்து. பிரின்ஸ்பால் கேட்டார்:

"நெட்வொர்க் உங்க கையிலதான இருக்குது? அப்ப பொறுப்பு யாரு?"

"எந்தக் கம்ப்யூட்டரு, எத்தினி மணின்னு பதிவாயிருக்குது சார். காமர்ஸ் ஸ்டாஃப் ரூமு. ஆனா உக்காந்த ஆளு யாருன்னு அது காட்டாது. ஒரே பாஸ்வேர்ட பல பேரு வச்சிக்கினு இருந்தா நான் எப்டி சார் சொல்றது?"

துறைத் தலைவர் உடனே சொன்னார்: "என் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்."

பொய். மார்க் ஏற்றச் சோம்பல்பட்டு அவரே எங்களுக்குக் கொடுத்தது அது. பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருந்தது. துறையில் ஏழு பேருக்கும் தெரியும்.

ஏழு பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். மேடம் எங்களை ஒருமுறை பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதம்தான் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை...

கவனக்குறைவு என்று எழுதி மேடத்துக்கு மெமோ கொடுத்தார்கள். லேப் சாவியை வாங்கிக்கொண்டு, போனஃபைட் சர்டிஃபிகேட் கொடுக்கும் கவுன்டரில் உட்கார வைத்தார்கள்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை.

மறு வருடம் கல்லூரிக்குத் தரம் பார்க்க ஒரு குழு வந்தது. "கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு உங்கள் விதிமுறை எங்கே?" என்று கேட்பார்களாம். ஃபைலைத் தேடி, மேடத்தின் பக்கங்களை எடுத்து, கலரில் அச்சடித்து, லேமினேஷன் போட்டு நோட்டீஸ் போர்டில் மாட்டினார்கள். கீழே, 'தயாரிப்பு: கல்லூரி ஐ.டி. கமிட்டி'. அந்தக் கமிட்டியில் எங்கள் துறைத் தலைவரும் உண்டு!

மேடம் அதை நின்று முழுதாகப் படித்ததைப் பார்த்தேன். பெயர் இல்லையே என்று அவர் கேட்கவில்லை.

"மூணாவது பக்கத்த உட்டுட்டாங்க சார். வேலைய உட்டுப் போறவங்க பாஸ்வேர்ட அன்னிக்கே மூடணும்னு எழுதியிருந்தேன். அதான் முக்கியம். நான் சொன்னா பேஜாராயிடும்... நீங்க சொல்லுங்களேன்."

"சொல்றேன் மேடம்" என்றேன். அதையும் சொல்லவில்லை.

இன்று மதியம் குழுவில், அந்தப் பூக்களுக்குக் கீழே ஒரு வரி போட்டேன். 'அந்தப் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். துறையில் எல்லாருக்கும் தெரியும். மேடம் மேல் தப்பு இல்லை.'

இரண்டு நிமிடத்தில் துறைத் தலைவரிடமிருந்து போன்.

"ஏம்பா, செத்துப்போனவங்களுக்கு இனிமே இன்னா ஆவப்போவுது? ஜல்தி அத அழிச்சிடு."

"மாட்டேன் சார்."

அவர்களே அழித்துவிட்டார்கள். என்னையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சரி... இங்கே எழுதிவிட்டேன். அந்த அறையில் இருந்தவர்களில் நான்கு பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள். படிப்பீர்கள்.

நான்கு மணிக்கு அடக்கம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வளவனூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் வந்துவிட்டது.

மேடம்... அன்றைக்கே நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.