பாக்கெட்டுக்குள் ஒரு கை

காலையில் எங்கள் ஊரிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் எனக்கு எதிரில் உட்காருவார். ஐம்பதைத் தாண்டியவர், எங்கள் ஊர் பாலகாட் சுரங்கப் பகுதிக்காரர், இப்போது பெங்களூரில் ஏதோ ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, மழுங்கச் சிரைத்த முகம். வலது கை மட்டும் தொடைமேல் சும்மா கிடக்கும்போதே நடுங்கும். யாராவது பார்த்தால் உடனே அதை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

"சுரங்கத்துல ட்ரில் மிஷின் பிடிச்ச கை தம்பி" என்பார். தங்கச் சுரங்கத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தைராய்டா இருக்கலாம், சாப்பிடற மாத்திரையா இருக்கலாம், நரம்பா இருக்கலாம்ணா. கோலார் பெரிய ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டுங்க."

பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பினார். "இன்னாப்பா, நீ சுரங்கத்துக்கு மேல நின்னு ஆளுங்கள எறக்குற கேஜுக்கு மணி அடிச்சவன்தானே? கீழ எந்த லெவலுக்குப் போயி ட்ரில் பிடிச்ச?"

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"கை நடுங்குது, குடிகாரன்னு சொல்லி செக்யூரிட்டி சூப்பர்வைசர் சீட்டக் கிழிக்கப் பாத்தான் தம்பி. ட்ரில்லுன்னேன், வுட்டுட்டான். டாக்டர் இதுக்கு வேற ஒரு சீக்குப் பேர் வச்சுட்டா, அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"மருந்து இருக்குணா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒயிட்ஃபீல்டில் இறங்கி நடந்தார். கை பாக்கெட்டுக்குள் இருந்தது. பாக்கெட் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் பெட்டிக்கு அவர் வரவில்லை. கண்டுபிடித்தால் என்ன சொல்வேன் என்று தெரியாமலேயே பெட்டி பெட்டியாகத் தேடுகிறேன். பாக்கெட்டில் கை விட்டு நிற்கிற எல்லோரும் அவராகவே தெரிகிறார்கள்.