டான்சானியாக்காரனோடு வாங்கிய அடி

அவனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே ஒரு கைகலப்பில்தான். நாமக்கல் பக்கம் ஒரு பார்மஸி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். நான் உள்ளூர்க்காரன்; அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவன் டான்சானியாவிலிருந்து படிக்க வந்தவன். கால்பந்து மைதானத்தில் இருவரும் பந்துக்கு எகிறியபோது அவன் முழங்கை என் வாயில் இடித்து முன்பல் பாதி உடைந்தது. வேண்டுமென்றே இடித்தான் என்று நினைத்து அவன் மூக்கில் குத்தினேன். அவனும் விடவில்லை. புழுதியில் கட்டிப் புரண்டோம். மற்றவர்கள் பிரித்துவிட்டபோது என் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மூக்கு இன்னும் வீங்கியிருந்தது.

“எம்பையன் பல்ல ஒடச்சது நீதானா சாமி?” என்றாள் அம்மா.

அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினான். “ஊட்டுக்கு வந்துட்ட, சாப்புடாமப் போகக் கூடாது” என்று உட்காரவைத்து, ராகிக்களியும் கீரைக் கடைசலும் போட்டாள். எப்படிச் சாப்பிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் களியைக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். அவர்கள் ஊரில் இதையே மக்காச்சோள மாவில் கிண்டுவார்களாம். அன்றிலிருந்து களி கிண்டும் நாளெல்லாம் அம்மா அவனுக்குத் தகவல் சொல்லிவிடுவாள்.

தமிழையும் அம்மாவிடம்தான் கற்றான். அம்மா அவனைச் சாமி என்று கூப்பிட்டதால், அவனும் வாட்ச்மேனில் தொடங்கி பஸ் கண்டக்டர் வரை எல்லோரையும் சாமி என்றே கூப்பிட்டான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு விடுமுறை நாளில் பனமரத்துப்பட்டி ஏரியைப் பார்க்க பைக்கில் போனோம். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று ஒரு பொய்க் குரல் பதிவு அந்த வாரம் எல்லோர் செல்போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு நாங்கள் சிரித்திருந்தோம்.

திரும்பும் வழியில், பெயரும் சரியாகத் தெரியாத ஒரு சிற்றூரில் பைக் பஞ்சரானது. நான் கடையில் டயரைக் கழற்றக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் எதிர்ப்பக்கம் புளியமர நிழலில் நின்றான். அவன் முன்னால் ஒரு சின்னப் பெண் சைக்கிளோடு சரிந்து விழுந்தாள். முட்டியில் ரத்தத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். அவன் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினான்.

“புள்ளையத் தூக்கறான்! ஓடியாங்க!” என்று ஒரு பெண் கத்தினாள்.

நான் சாலையைக் கடப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் அறை அவன் கன்னத்தில் விழுந்தது. அடுத்து யாரோ முதுகில் உதைத்துக் கீழே தள்ளினார்கள். விறகுக்கட்டை, செருப்பு, சைக்கிள் பம்பு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அவன்மேல் இறங்கியது.

“அடிக்காதீங்க சாமி! நான் படிக்க வந்தவனுங்க!” என்று அவன் கதறினான்.

“தமிழ் பேசறான் பாரு! எல்லாம் கத்துக்கிட்டுத்தான் வந்திருக்கான்!” என்றான் ஒருவன். அதன் பிறகு அடி இன்னும் பலமாக விழுந்தது.

“எங்க காலேஜ் பையனுங்க! என் பிரெண்டுங்க!” என்று கத்திக்கொண்டே நான் உள்ளே புகுந்தேன். “நீதான் கூட்டிட்டு வந்தவனா?” என்று கேட்டு என்னையும் அடித்தார்கள். யாருடைய கையையோ கடித்தேன். இன்னொருவன் வயிற்றில் உதைத்தேன். பிறகு வேறு வழி தெரியாமல், கீழே கிடந்த நண்பன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். என் வலது கையில் கட்டை இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. “அந்த அண்ணன் என்னத் தூக்கி உட்டாரு” என்று அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த வழியாக வந்த முட்டை வேன்தான் எங்களைக் காப்பாற்றியது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வேனைக் கூட்டத்துக்குள்ளேயே செலுத்தினார். சிதறி விலகினார்கள். “ஏறுங்க, ஏறுங்க!” என்று கதவைத் திறந்தார். அவனை இழுத்துப் போட்டு ஏறினேன். பின்னாலிருந்து கல் வந்து விழுந்தது. முட்டை அட்டைகள் சரிந்தன. சேலம் ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கியபோது மஞ்சள் கருவும் ரத்தமும் உடம்பெல்லாம் ஒட்டிக் காய்ந்திருந்தன.

அவனுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. அப்பா பட்டறை ஆட்களோடு வந்துவிட்டார். வாசலில் நின்ற வண்டியில் இரும்புக் கம்பிகள் கிடந்தன.

“எந்த ஊருன்னு மட்டும் சொல்லு. ஒருத்தன் உருப்படியா நடக்க மாட்டான்” என்றார். சொல்லிவிடத்தான் நினைத்தேன். எனக்கும் அந்த ஊரை அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது.

அவன் கட்டிலிலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “வேண்டாம். அந்தப் புள்ளை இன்னிக்கே நிறையப் பாத்துருச்சு” என்றான். உதடு கிழிந்திருந்ததால் சொற்கள் குழறின. அப்பா வெளியே போய் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

ஆனால் அவன் யாரையும் மன்னிக்கவில்லை. “கோர்ட்டுக்கு அலையணும் தம்பி. சமாதானமாப் போயிட்டா நல்லது” என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அந்தச் சின்னப் பெண்ணின் அப்பா காலில் விழ வந்தார். அவரும் அடித்தவர்களில் ஒருவர். அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “எனக்கு இன்னும் வலிக்குதுங்க” என்று சொல்லிவிட்டுப் புகாரில் கையெழுத்துப் போட்டான். வழக்கு இன்னும் முடியவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் அவன் அறையைவிட்டு வகுப்புக்கு மட்டுமே வெளியே வந்தான். எதிரே குழந்தைகள் வந்தால் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொள்வான். எங்கள் வீட்டுக்கு வர பஸ் ஏறவும் பயந்தான். அம்மாதான் தூக்குப்போசியில் களியை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் அவன் அறைக்குப் போவாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லி அவன் வீட்டில் அழுதார்கள். அவன் போகவில்லை. முடித்துவிட்டுத்தான் போனான்.

அவனை அழைத்துப் போக அவன் அப்பா வந்திருந்தார். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் அவர் என் வலது கையைப் பிடித்து, எலும்பு கோணலாகக் கூடியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தங்கள் மொழியில் ஏதோ கேட்டார்.

“கை இன்னும் வலிக்குதான்னு கேக்கறாரு” என்றான் அவன்.

“மழக் காலத்துல மட்டும்தான்னு சொல்லு.”

அவன் சொன்னான். அவர் என் கையை விடவேயில்லை. உள்ளே போகச் சொல்லிக் காவலர் இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் விட்டார்.