கேட்டுவிட்டுத் திரும்பிய லாரி

அந்த மணல் லாரியின் எஞ்சின் அணைந்ததும் விழுந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போது தங்கா பத்து கடலோரத்தில் நான் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டிருந்தேன். என் சம்பலுக்கு மட்டி கொண்டுவந்து தருபவரை மாக்சிக் என்போம், மலாயில் அத்தை. தெமுவான் பூர்வகுடிப் பெண். மீனவரைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவர். சதுப்புக் காட்டுக்குள் கால் வைக்கும் முன் நின்று, உள்ளே வரலாமா என்று வாய்விட்டுக் கேட்பார். கேட்காமல் நுழைவது அவருக்குப் பெரிய மரியாதைக் குறைவு. மரத்துக்குக் காது எங்கே என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் போவார்.

கடலைத் தூர்த்துக் கடைவீதி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. காடு போனால் மட்டி போகும், நண்டு போகும், மீனவர் வீடுகளில் அடுப்பு எரியாது. மாக்சிக் வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டினார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் நாற்காலி கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. முதல் லாரி வந்த அன்று பெண்களோடு பாதையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டி வந்தவர் நம்ம தமிழாள், புக்கிட் காத்தில் ஊர்க்காரர். ஹாரன் அடித்துப் பார்த்தார். மாக்சிக் எழுந்து, கேட்டுவிட்டுப் போ என்று மட்டும் மலாயில் சொன்னார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்து இறங்கி, விளையாட்டாகக் கைகூப்பி, “மாக்சிக், மாசோக் போலே?” என்றார். உள்ளே வரலாமா என்று.

மாக்சிக் காட்டைத் திரும்பிப் பார்த்துச் சற்று நின்றார்.

“தா போலே.”

கூடாதாம். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது. “என்னக்கா இது, கேக்காமயே போயிருக்கலாம் லா. கேட்டுட்டு எப்படிக்கா போறது?” என்று என்னிடம் புலம்பிவிட்டு, வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திரும்பிப் போனார். நான் எல்லோருக்கும் தேநீர் ஆற்றிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம், பைத்தியங்கள்.

மறுநாள் வந்த லாரிகளில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி மூடியிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை, கேட்கவில்லை. காவலுக்கு வந்தவர்கள் பெண்களைத் தூக்கி ஓரமாக விட்டார்கள். மாக்சிக் அதற்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. நோய் என்றார்கள். நான் நம்பவில்லை.

போன வாரம் மகன், கடலோரம் சாப்பிடலாம் என்று காரில் அழைத்துப் போனான். வரிசையாகக் கடைகள், விளக்குகள். எஞ்சினை அணைத்தான். அதே அமைதி. அன்று லாரி நின்ற இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னையறியாமல், “மாசோக் போலே?” என்றேன்.

“யார்கிட்டம்மா கேக்குறீங்க? பார்க்கிங் ஃப்ரீ லா, இறங்குங்க.”

கேட்டுவிட்டேனே. நான் இறங்கவில்லை.